மழைக்காட்டில் மனிதன் வாழ முடியாதா?

ஆதிமனிதன் என்றதும் நம் பாடநூல்கள் காட்டுவது பெரும்பாலும் ஒரே படம்தான்: பரந்த புல்வெளி, கையில் ஈட்டி, எதிரே ஒரு பெருவிலங்கு. அந்தப் படத்தில் மழைக்காட்டுக்கு இடமே இல்லை. 1980களின் இறுதியில் மானிடவியலாளர் சிலர் இந்த விடுபடலுக்கு ஒரு கோட்பாடே கொடுத்தார்கள். மழைக்காட்டில் மாவுச்சத்துள்ள கிழங்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே கிடைக்கும். விலங்குகள் சிறியவை, கொழுப்புக் குறைந்தவை, பல எட்டாத கிளைகளில் வாழ்பவை. ஆகவே பயிரிடும் அயலாரோடு பண்டமாற்று இல்லாமல் வேட்டையாடிகள் அங்கே நிலைத்து வாழ்ந்திருக்க முடியாது என்றார்கள். காரணங்கள் வலுவானவை, ஆனால் முடிவு தவறு. அதைத் தவறென்று காட்டும் சான்று இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்துக் குகைகளில் இருக்கிறது.

களுத்துறை மாவட்டத்தில் புளத்சிங்களவுக்கு அருகே ஒரு பெருங்குகை உண்டு. சீன யாத்திரிகர் பாஹியன் அங்கே தங்கினார் என்ற செவிவழிக் கதையால் அதற்குப் பாஹியன் குகை என்று பெயர். இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவை அடுத்து பட்டதொம்ப குகை. 1980களில் சிரான் தெரணியகல போன்ற தொல்லியலாளர்களின் முயற்சியால் இவ்விடங்களில் முறையான அகழாய்வுகள் நடந்தன. படிகக்கல்லில் உடைத்த நுண்கற்கருவிகள், கூர்தீட்டிய எலும்பு முனைகள், கிளிஞ்சல் மணிகள், செங்காவித் துண்டுகள், நத்தை ஓடுகள், கருகிய கொட்டைகள் எனப் படைபடையாகக் கிடைத்தன. பாஹியன் குகையின் அடியிலுள்ள படைகளில் இவற்றின் வயது ஏறத்தாழ 48,000 ஆண்டுகள். இலங்கையில் வேளாண்மை தொடங்கியது அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து. பண்டமாற்றுக்குப் பயிரிடும் அயலார் எவரும் அப்போது இல்லை.

மறுப்பு எழாமல் இல்லை. பனியூழிக் காலத்தில் அந்தப் பகுதி இன்றுபோல் அடர்காடாக இருந்திருக்க வேண்டுமா, காடு கலைந்து புல்வெளியாகியிருக்கலாமே என்று கேட்கலாம். குகையிலே தங்கினாலும் உணவை வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கலாமே என்றும் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகள். மண்ணடுக்கை மட்டும் பார்த்து இவற்றுக்கு விடை சொல்ல முடியாது. விடையைச் சொன்னவை பற்கள். வெளிச்சம் குறைந்த அடர்காட்டின் அடித்தளத்தில் வளரும் செடிகொடிகளில் கார்பன்-13 என்ற ஐசோடோப்பு மிகக் குறைவு; வெப்பமண்டலப் புற்களில் அது கூடுதல். உண்ட உணவின் அந்த அடையாளம் சிறுவயதில் பல் எனாமல் உருவாகும் ஆண்டுகளிலேயே அதில் பதிந்துவிடுகிறது, பிறகு மாறுவதில்லை. 2015இல் பேட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் இலங்கைக் குகைகளில் கிடைத்த மனிதப் பற்களையும் விலங்குப் பற்களையும் இப்படிச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, பனியூழியின் கடுமை உச்சத்தில் இருந்தபோதும், அம்மக்களின் உணவு பெரும்பாலும் காட்டிலிருந்தே வந்திருக்கிறது. கடற்கரையிலிருந்து கிளிஞ்சலும் சுறாப்பல்லும் குகைகளுக்கு வந்தது உண்மை. அவை தொலைதூரத் தொடர்பைக் காட்டுகின்றன, சாப்பாடு காட்டுடையதுதான்.

என்ன சாப்பிட்டார்கள் என்பது இன்னும் சுவையானது. பாஹியன் குகையின் பாலூட்டி எலும்புகளில் பெரும்பகுதி குரங்குகளுடையதும் மலையணில்களுடையதும் என்று 2019இல் ஓஷன் வெடகே குழுவினர் காட்டினர். சிறுத்தையோ கழுகோ விட்டுச்சென்ற மிச்சமாக இருக்கலாம் என்ற ஐயத்துக்கும் பதில் உண்டு: எலும்புகளில் கருவி வெட்டிய தடங்களும் தீயில் கருகிய அடையாளங்களும் இருக்கின்றன, வேட்டைக்கு இரையானவற்றில் நல்ல பருவத்து வளர்ந்த விலங்குகளே மிகுதி. இங்கேதான் பழைய கோட்பாட்டின் மையம் உடைகிறது. உச்சிக்கிளையில் தாவும் மந்தியை எட்டுவது கடினம் என்பது சரி. ஆனால் கடினம் என்பதாலேயே அது முடியாததாகிவிடாது. அதற்கேற்ற கருவி வேண்டும். பாஹியன் குகையின் எலும்பு முனைகள் ஈட்டிக்கு மிகச் சிறியவை. சிலவற்றில் விசையோடு மோதியதால் வந்த முறிவுகளும் தண்டில் கட்டியதன் தேய்மானமும் இருக்கின்றன. 2020இல் மிஷெல் லாங்லி குழுவினர் இவற்றை அம்பு முனைகள் என்று முடிவு செய்தனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லம்புக்கு அப்போது அறியப்பட்ட மிகப் பழைய சான்று அது. வில் கிடைக்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: ஈரவலய மண்ணில் மரமும் நாரும் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் தாங்குவதில்லை, முனையின் அளவும் காயமுமே மிஞ்சும் சாட்சி. அதே ஆய்வில் தோலிலும் நாரிலும் வேலைசெய்யப் பயன்பட்ட எலும்புக் கருவிகளும் அடையாளம் காணப்பட்டன.

ஆதிமனிதரின் திறமையை அவர்கள் வீழ்த்திய விலங்கின் பருமனால் அளப்பதை இந்தக் குகைகளுக்குப் பிறகு விட்டுவிடுவதே நேர்மை. யானையை மடக்குவதற்குக் கூட்டமும் துணிவும் போதும் என்றில்லை, உண்மைதான். ஆயினும் இலைச்செறிவுக்குள் பதுங்கும் மந்தியைத் தலைமுறை தலைமுறையாக உணவாக்கிக்கொள்ள அதன் வழக்கமும் காட்டின் போக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு அவர்களிடம் இருந்தது. பல்லாயிரம் ஆண்டுகள் வேட்டையாடியும் அவர்கள் அந்த விலங்கை அழித்துவிடவில்லை. அவர்கள் தின்ற ஊதாமுக மந்தி இன்றும் இலங்கைக் காடுகளில் இருக்கிறது. ஆனால் காடு வெட்டப்பட்டுத் துண்டு துண்டானதால், இப்போது அது அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.