பழைய சிஆர்-வி வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி

ஹோண்டா சிஆர்-வி 1995ல் ஜப்பானில் அறிமுகமானது. 2022ல் வந்தது அதன் ஆறாம் தலைமுறை. சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்துப் பத்தாண்டுக்குப் பிறகும் காரை ஓட்டலாம் என்பதால், பழைய தலைமுறைக் கார்களும் கைமாறுகின்றன. விலை பேசுவார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். பாதுகாப்புக் குறைபாட்டுக்காக நிறுவனம் அந்தக் காரை மீட்டுக்கொண்டதா, பழுதுபார்ப்பு முடிந்ததா என்று கேட்பவர் குறைவு. குடும்பத்தோடு உட்லண்ட்ஸ் கடந்து ஜோகூர் போய்வரும் செம்பவாங்வாசிகள் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

முக்கியமானது தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பை. இரண்டாம், மூன்றாம் தலைமுறை சிஆர்-வி கார்கள் பலவற்றில் அது பொருத்தப்பட்டது. பையை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் கெட்டுவிடும். விபத்தின்போது அளவுக்குமீறி வெடித்து, உலோகக் கூட்டைச் சிதறடிக்கும். வெயிலும் மழையும் மாறிமாறி வரும் நம் ஊருக்கு இது தூரத்துச் செய்தி அன்று. 2014ல் சரவாக்கில் ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணி ஒருவர், பையிலிருந்து பாய்ந்த உலோகத் துண்டால் உயிரிழந்தார். தக்காத்தா 2017ல் திவாலானது. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் முதல் தலைமுறை சிஆர்-வியும் வேறொரு வகை தக்காத்தா காற்றுப்பைக்காக மீட்டுக்கொள்ளப்பட்டது.

மற்றவை வேறு ரகம். 2002-2006 கார்களில் ஓட்டுநர் பக்கச் சன்னல் சுவிட்சில் நீர் புகுந்து தீப்பிடிக்கலாம் என்று 2012ல் மீட்பு நடந்தது. 2023ல் அமெரிக்காவில் 2007-2011 கார்களின் பின்பக்கச் சட்டகத் துருவுக்கு ஒன்று. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் மாநிலங்களுக்கானது என்பதால் இங்குள்ளவர்கள் அதற்காகப் பதற வேண்டியதில்லை. அதே ஆண்டு 2017-2020 கார்களின் முன்னிருக்கை வார்ப்பூட்டுக்கும் மீட்பு வந்தது.

காற்றுப்பையின் இந்தக் குறைபாட்டுக்கு டேஷ்போர்டில் விளக்கு எரியாது. மீட்புக் கடிதமோ முந்தைய உரிமையாளரின் வீட்டுக்குப் போயிருக்கலாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் மீட்பு விவரங்களைப் பார்க்கலாம். சேசிஸ் எண்ணைச் சொல்லி அதிகாரபூர்வ முகவரிடமும் கேட்கலாம். மீட்பு என்பது காருக்குத்தான், உரிமையாளருக்கு அன்று. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்தப் பழுதுபார்ப்புக்குக் கட்டணம் இல்லை.