ஏழு பேர் போதும்



கம்பத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் பேசினார். "சார், புள்ளிவிவரக் கணக்குப் போடுற 'ஆர்' மென்பொருளுக்கு இங்க ஒரு குழு ஆரம்பிக்கிறோம். ஏழே பேர்தான். வீட்ல சிரிக்கிறாங்க" என்றார். அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

'ஆர்' பிறந்தது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில். 1990களின் தொடக்கத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தங்கள் மாணவர்களுக்குப் பாடம் நடத்த எழுதியது. (நம்ம இனம்தான், வாத்தியார்கள்!) விற்றுக் காசு பார்த்திருக்கலாம். சூரிக்கிலிருந்து மார்ட்டின் மெக்லர் வற்புறுத்தவே, 1995இல் மூல நிரலோடு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் சிக்கல். பிழை சுட்டியும் திருத்தம் சொல்லியும் வந்த கடிதங்களுக்கு இருவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1997 ஏப்ரலில், பயன்படுத்துவோர் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள மின்னஞ்சல் வழி உதவிக் குழு தொடங்கியது. அதே ஆண்டு நடுவில், நிரலைத் திருத்தும் பொறுப்பையும் ஒரு சிறு குழுவோடு பகிர்ந்துகொண்டார்கள். அதற்குப் பெரிய மனசு வேண்டும். நான் திருத்திய விடைத்தாளை இன்னொருவர் தொட்டாலே எனக்குக் கோபம் வரும்! 2000 பிப்ரவரி 29இல் 1.0.0 பதிப்பு வந்தது.

நம் பிள்ளைகள் போடி ஏலக்காய் ஏல விலையை வைத்துத் தொடங்குகிறார்களாம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கடைசி பெஞ்ச்தான்.