களமும் கதிரடிப் பொறியும்

பெங்களூர் மாநகருக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழ் மக்களுள் பலர் உழவர் குடியில் தோன்றியவர்கள். இன்று நாம் ஆலையிலும் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் இருப்புப்பாதையிலும் பணி செய்து வாழ்கின்றோம். எனினும், தை பிறந்து சங்கத்தார் பொங்கற் பானை ஏற்றும்போது, நம் உள்ளம் ஊர்க் களத்து மேட்டிற்கே ஓடுகின்றது. புதுவைக்கோலின் மணம் நாசியில் நிற்கின்றது. யாம் இருப்புப்பாதையில் சரக்குக் கணக்கு எழுதும் எளிய எழுத்தர். பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் பயின்றோம் அல்லோம். ஆயினும், களத்தில் வளர்ந்த உரிமை பற்றி, கதிரினின்று மணியையும் வைக்கோலையும் பிரிக்கும் தொழில் கைத்தொழிலாய் இருந்து பொறித்தொழிலாய் மாறிய வரலாற்றினை இம்மலரின் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

அறுத்த கதிர் அரிசியாவதற்கு முன் களத்தில் நான்கு வினைகள் நிகழ்தல் வேண்டும். மணியைத் தாளினின்று உதிர்த்தல் ஒன்று. உதிர்ந்த மணி வைக்கோலுள் சிக்கி நில்லாதவாறு உதறிப் பிரித்தல் இரண்டு. பதரையும் தூசியையும் காற்றில் போக்குதல் மூன்று. வைக்கோலை மழைக்கு நனையாமல் போரிட்டு வைத்தல் நான்கு. எக்காலத்தும் எந்நாட்டினும் இந்நான்கே வினைகள். அவற்றைச் செய்யும் கருவிகளே மாறின.

நம் தஞ்சைத் தரணியில் இவை எவ்வாறு நிகழ்ந்தன என்பதைக் காண்போம். அரிக்கட்டைக் கைகளால் ஓங்கிக் கல்லின்மீதோ பலகையின்மீதோ அடிப்பர். முற்றிய மணிகள் முதல் அடியிலேயே உதிரும். விதைக்கு எடுத்து வைப்பது பெரும்பாலும் அந்நெல்லே. அடித்த தாளில் எஞ்சிய நெல்லை விட மனமின்றி, அதனைக் களத்தில் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றி வரச் செய்து மிதிப்பிப்பர். இதுவே போரடித்தல். மதுரை நாட்டில் நெல்லின் மிகுதியால் மாடு போதாமல் யானையைக் கட்டிப் போரடித்தனர் என்று வழிவழியாகச் சொல்லுவர். மிதித்த வைக்கோலைக் கோலால் கிளறி உதறி எடுத்தபின், காற்று வீசும் திசை பார்த்து, முறத்தில் நெல்லை உயர ஏந்திச் சரியவிட்டுத் தூற்றுவர். கனத்த மணி காலடியில் விழும். பதர் அப்பால் பறக்கும். குவிந்த நெல்லுக்குப் பொலி என்று பெயரிட்டதிலேயே நம் முன்னோரின் மகிழ்ச்சி விளங்குகின்றது.

நாம் வந்து குடியேறிய கன்னட நாட்டிலோ கேழ்வரகே முதன்மைத் தானியம். இந்தியாவில் விளையும் கேழ்வரகில் பாதிக்கு மேற்பட்டது இந்த மாநிலத்தில் விளைவதே. களத்தைக் கன்னடத்தார் 'கண' என்பர். நாம் தூற்றுதல் என்பதை அவர்கள் 'தூறு' என்பர். மொழிகள் உடன்பிறந்தவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ! ஆனால் தொழில் முறையில் ஒரு வேற்றுமை உண்டு. கேழ்வரகு மணி மிகச் சிறியது. உமிச்செதில் அதனைப் பற்றிக்கொண்டிருக்கும். அடித்தால் மட்டும் போதாது, தேய்த்தலும் வேண்டும். ஆகவே கருங்கல் உருளையை மாடுகளில் பூட்டிக் கதிரின்மேல் உருட்டினர். அறுத்த கட்டுகளைச் சில வாரங்கள் அடுக்கி வைத்துப் பதப்படுத்தி, ஏறத்தாழ சங்கராந்தியை ஒட்டிக் கண்டு முதல் எடுத்தனர். இவ்வூரை அடுத்த ஹெப்பாளத்தில் 1899 ஆம் ஆண்டு மைசூர் அரசு ஒரு பண்ணையைத் தொடங்கிற்று. வேளாண்மையை அறிவியல் வழியில் ஆராயும் பணி அங்கு வேரூன்றி, 1960களில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

இனி மேலை நாட்டிற்குச் செல்வோம். அங்கும் குளிர்காலம் முழுவதும் தொழுவத்தின் தரையில் கோதுமைக் கதிரைப் பரப்பி, இரண்டு கோல்களைத் தோல் வாரால் பிணைத்த கருவி கொண்டு அடிப்பதே வழக்கமாக இருந்தது. 1786 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ மீக்கிள் என்னும் ஆலைத் தச்சர் சுழலும் உருளை ஒன்றில் அடிகோல்களைப் பொருத்திக் கதிரடிக்கும் பொறியைச் செய்து வெற்றி கண்டார். அப்பொறி கதிரை அடித்தது. ஆனால் தூற்றும் வேலை பெரும்பாலும் தனியாகவே நடந்தது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து வின்த்ரோப் என்னும் ஊரினரான பிட்ஸ் உடன்பிறந்தார் இருவர், அடித்தலையும் தூற்றலையும் ஒரே பொறியில் இணைத்து 1837 இல் காப்புரிமை பெற்றனர். பின்னர் ரசீன் நகரில் ஜெரோம் கேஸ் என்பவர் இப்பொறிகளைப் பெருந்தொகையாகச் செய்து புகழ் பெற்றார். மரத்தாலான உடலை நீக்கி, முழுதும் எஃகினால் ஆன பொறியை அவருடைய நிறுவனம் 1904 இல் வெளியிட்டது.

அப்பொறியின் உள்ளமைப்பை அன்பர்கள் சற்றே கூர்ந்து நோக்குதல் நன்று. பல்லுடைய உருளை ஒன்று கடுகிச் சுழலும். அதன் கீழே பிறை போல் வளைந்த சல்லடை. அதிலும் பற்கள் உண்டு. இவ்விரண்டின் இடைவெளியில் கதிர் புகும்போது மணி உதிர்கின்றது. பெரும்பகுதி மணி அவ்விடத்திலேயே சல்லடை வழியாகக் கீழே விழுந்துவிடும். எஞ்சியது வைக்கோலோடு கலந்து பின்னே செல்லும். அங்கே முன்னும் பின்னும் ஆடுகின்ற நீண்ட படித்தட்டுகள் வைக்கோலை மேலே தூக்கித் தூக்கிப் போட, சிக்கிய மணி கீழே உதிரும். அதன்பின் விசிறி எழுப்பும் காற்றும் ஆடும் சல்லடைகளும் பதரைப் போக்கும். சரியாக அடிபடாத கதிர்த்துண்டுகள் ஒரு தூக்கியின் வழியே மீண்டும் உருளைக்கே அனுப்பப்படும். நம் களத்தில் முதலில் கையடி, பின்னர் மாட்டடி என இருமுறை வைத்த அறிவே, அங்கே வளைசல்லடையாகவும் ஆடும் தட்டாகவும் உருக்கொண்டது என்று யாம் கருதுகின்றோம். உருளை மிகை வேகத்தில் சுழன்றால் மணி உடையும். மெல்லச் சுழன்றால் மணி தாளிலேயே தங்கும். வைக்கோலை அளவிற்கு மிஞ்சி ஊட்டினால் ஆடும் தட்டு மூச்சுத் திணறி, மணியும் வைக்கோலோடு வெளியே போய்விடும். ஆகவே நல்ல பொறியாளன் வெளியேறும் வைக்கோலைக் கையால் உதறிப் பார்த்தே பொறியின் நலத்தை அறிவான்.

இருப்புப்பாதையில் பணிபுரியும் எமக்கு இவ்வரலாற்றில் பெரிதும் இனிப்பது ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பொறிகளை இயக்கியது நம் நீராவி வண்டியின் தம்பி எனத்தக்க நீராவி எந்திரமே. அதனைப் பொறியின் அருகே நிறுத்தாமல், நீண்ட வார்ப்பட்டையால் இணைத்துத் தொலைவில் நிறுத்தினர். காரணம் யாது? புகைபோக்கியினின்று ஒரு பொறி பறந்தாலும் வைக்கோல் முழுதும் சாம்பலாகும் அன்றோ! வெளியேறும் வைக்கோலைப் போரிடுதல் மிகக் கடினமான வேலையாய் இருந்தது. தூசியின் நடுவே நின்று ஆட்கள் கவைக்கோலால் வாரி வாரி மேலேற்றினர். முதலில் சட்டங்கள் கோத்த ஓடும் ஏணி ஒன்று அவ்வேலையை எளிதாக்கிற்று. பின்னர் வலிய விசிறி ஒன்றைப் பொருத்தி, பெரிய தகரக் குழாயின் வழியே வைக்கோலைக் காற்றினால் ஊதித் தள்ளினர். குழாயை இடமும் வலமும் திருப்பினால் வைக்கோல் தானே போராய்க் குவிந்தது. பலர் செய்த வேலையை ஒரு குழாய் செய்தது.

ஆனால் எளிதாக்கிய வேலை யாருடைய வேலை என்ற வினா எழுகின்றது. இங்கிலாந்தில் ஏழைத் தொழிலாளர்க்குக் குளிர்காலத்தில் கிடைத்த கூலி, பெரும்பாலும் கதிரடிக்கும் கூலியே. பொறி வந்ததும் அக்கூலி போயிற்று. 1830 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கென்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தொழிலாளர் கதிரடிப் பொறியை உடைத்தனர். அத்தீ தென் இங்கிலாந்து முழுதும் பரவிற்று. 'கேப்டன் ஸ்விங்' என்னும் புனைபெயரில் பண்ணையார்க்கு எச்சரிக்கைக் கடிதங்கள் சென்றன. அரசு அடக்கிற்று, 19 பேர் தூக்கிலிடப்பட்டனர், ஏறத்தாழ 500 பேர் கப்பலேற்றப்பட்டு ஆஸ்திரேலியக் கண்டத்திற்கு அனுப்பப்பட்டனர். பொறியை உடைத்தவர் அறிவிலிகள் என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் பகைத்தது இரும்பையன்று. மாற்று வழி காட்டாமல் தம் பிள்ளைகளின் உணவைப் பறித்த ஏற்பாட்டையே என்பதை நடுநிலையாளர் ஒப்புவர்.

நம் நாட்டிலும் களம் என்பது கூலி பிறக்கும் இடமே. தஞ்சையில் கூலி நெல்லாக மரக்காலால் அளக்கப்பட்டது. பண்ணையாட்களின் உரிமைக்கென 1952 இல் சென்னை மாநிலத்தில் தனிச் சட்டம் பிறந்தது. அதன் பின்னும் கூலி நெல் பற்றிய பூசல் ஓயவில்லை. அப்பூசலின் நடுவே, 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்ட கொடுமையைத் தமிழர் மறத்தற்கில்லை. களத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பொலியை மட்டும் எழுதி இதனை எழுதாது விடின், அவ்வரலாறு அரை வரலாறே ஆகும்.

விடுதலைக்குப் பின் பொறிகள் நம் வயலுக்கும் வந்தன. 1953 இல் ஜப்பானிய நெற்சாகுபடி முறையை நாடெங்கும் பரப்ப முயன்றபோது, காலால் மிதித்துச் சுழற்றும் கதிரடிப் பொறியும் மக்களுக்கு அறிமுகமாயிற்று. கம்பி வளையங்கள் பதித்த மர உருளைமேல் அரிக்கட்டின் தலையை மட்டும் பிடித்தால் நெல் உதிரும். தாள் சிதையாமல் கையிலேயே இருக்கும். 1960களில் பசுமைப் புரட்சி தோன்றியபின் பஞ்சாபில் விசைப் பொறிகள் பெருகின. பிலிப்பைன்சில் 1960 இல் தொடங்கிய பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், கதிர் உருளையைச் சுற்றியபடியே நீளவாட்டில் நகர்ந்து செல்லும் புதுவகைப் பொறியை 1970களில் பரப்பிற்று.

விரைவு வந்தது; கூடவே ஊறும் வந்தது. யாம் பள்ளியில் பயின்ற காலத்தில், மன்னார்குடிப் பக்கத்து எம் ஊரில், வாடகைக்கு வந்த பொறி ஒன்றில் இரவு நேரத்தில் கதிர் ஊட்டிய எம் சிற்றப்பா வலக்கை விரல் மூன்றை இழந்தார். அப்பொறியின் வாயில் மூடி இல்லை. ஊட்டும் தட்டு ஒரு முழங்கூட இல்லை. பகல் முழுதும் அறுத்துக் களைத்த மனிதர் அவர். இழப்பீடு கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் அறியாத செய்தி யாதெனில், இத்தகைய விபத்துகள் பெருகியமையால், அதற்குப் பல ஆண்டுகட்கு முன்னரே, 1983 இல், நம் நாடாளுமன்றம் ஆபத்தான எந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது என்பதே. செய்வோர் உரிமம் பெறுதல், காப்புறுப்புகள் பொருத்துதல், உயிரோ உறுப்போ இழந்தார்க்கு இழப்பீடு வழங்குதல் ஆகியவற்றை அச்சட்டம் வகுத்தது. ஊட்டும் தட்டு 90 செண்டிமீட்டருக்குக் குறையாமலும், அதில் 45 செண்டிமீட்டர் மேலே மூடப்பட்டும் இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கை உருளையை எட்டாமல் இருக்க இந்த நீளமே போதும். ஒரு சிறு தகரத் துண்டின் விலை எத்துணை? மூன்று விரல்களின் விலை எத்துணை? சட்டம் ஏட்டில் இருந்தது. தகரம் பொறியில் இல்லை. அவ்வளவே.

இறுதியாக வைக்கோலைப் பற்றிச் சில சொற்கள். மேலை நாட்டில் ஊதுகுழாய் குவித்த வைக்கோற்போரைப் பல இடங்களில் கொளுத்தினர். அவர்க்கு அது மிகை. நமக்கோ அது மாட்டின் உணவு, குடிசையின் கூரை, கட்டுவதற்குப் பிரி. இன்று அறுவடையும் கதிரடிப்பும் ஒரே பொறியில் நிகழ்கின்றன. பஞ்சாபில் அப்பொறி வயலில் விட்டுச் செல்லும் தாளை எடுக்க, அடுத்த கோதுமை விதைப்புக்கு முன் காலம் போதவில்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009 இல் வந்த சட்டம் நடவைத் தள்ளிவைத்தமையால் அக்கால இடைவெளி மேலும் சுருங்கிற்று. ஆகவே தாளைக் கொளுத்துகின்றனர். ஆண்டுதோறும் தில்லி மாநகர் புகையில் மூழ்குகின்றது. நான்காம் வினையாகிய போரிடுதலை மறந்ததன் பயன் இது. நம் பெங்களூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலோ, கேழ்வரகுத் தாளைப் போரிட்டுக் கறவை மாட்டிற்கு இடுவோர் இன்னும் உளர். ஆயினும், களம் அருகியமையால் கதிரை நெடுஞ்சாலையில் பரப்பி, ஓடும் வண்டிகளையே கல்லுருளையாகக் கொள்ளும் வழக்கமும் தோன்றிவிட்டது. அதனால் சறுக்கி விழும் வண்டிகளும் உண்டு. நிலம் விலையேற விலையேறக் களமே முதலில் மறைகின்றது.

யாம் பொறியைப் பழிப்போம் அல்லோம். மாட்டின் காலும் மனிதன் தோளும் பட்ட பாட்டை அறிந்தவர் பழியார். ஆனால் ஒரு பொறி நல்லதா என்று அறிய மூன்று வினாக்கள் போதும்: அது நீக்கிய கூலிக்கு ஈடு யாது? அதன் வாயருகே நிற்கும் கைக்குக் காப்பு யாது? அது உமிழும் வைக்கோல் எங்கே செல்கின்றது? இம்மூன்றுக்கும் விடை தரும் பொறியை வரவேற்போம். இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், களத்தில் நிற்கும் பொறியின் ஊட்டுத்தட்டை ஒருமுறை அளந்து பார்த்து, குறையிருப்பின் உரியவரிடம் எடுத்துரைப்பாராக. எம் சிற்றப்பாவிற்கு அன்று அதனைச் சொல்ல ஒருவரும் இலர்.

களம் நிறைக! பொலி பெருகுக! உழைக்கும் கை ஊறின்றி வாழ்க!