கெனில்வொர்த்தும் பாரமகாலும்: அரசப் பிரதிநிதிகளைக் குறித்து ஒரு சிந்தனை

பொந்தியு பிலாத்துவைக் குறிக்க நம் தமிழ் வேதாகமம் தேசாதிபதி என்னும் சொல்லைக் கையாளுகிறது. அரசன் தூரத்தில் இருக்க, அவன் பெயரால் நீதி செலுத்தி வரி வாங்குகிறவனே தேசாதிபதி. பவுலின் வழக்கை வாசிக்கும்போது, அவனுக்கு மேலே முறையிட ஓர் இடம் உண்டா என்ற கேள்வி எவ்வளவு பாரமானது என்பதை நாம் அறிகிறோம். அக்கேள்வியை இங்கே ஓசூரிலிருந்து தொடங்கி ஆராய முற்படுகிறோம்.

இன்று ஓசூர் என்றதும் 1970களில் எழுந்த சிப்காட் தொழிற்பேட்டையும், கர்நாடக எல்லையை நோக்கி விரையும் பாரவண்டிகளுமே நினைவுக்கு வரும். ஆயினும் அவ்வூருக்குக் கெனில்வொர்த் என்னும் ஆங்கிலக் கோட்டையின் பெயரோடும் உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சேலம் மாவட்டக் கலெக்டராயிருந்த பிரெட் என்பவர், இங்கிலாந்திலுள்ள அக்கோட்டையின் சாயலில் இங்கே ஒரு மாளிகை எழுப்பினார் என்பர். அவர் அப்பெயரின் முழு வரலாற்றையும் எண்ணிப் பார்த்தாரோ என்னவோ! ஏனெனில் ஆங்கில அரசனின் கடல்கடந்த நாடொன்றை ஆளச் சென்று, அந்நாட்டாராலேயே குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரின் இருப்பிடம் அது.

அவர் லெஸ்டர் பிரபு சீமோன் தெ மோன்ஃபோர். பிரான்சின் தென்மேற்கிலுள்ள காஸ்கனி, 12ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆங்கில அரசருக்கு உரியதாயிருந்தது. திராட்சரச வாணிபத்தால் போர்தோ நகரம் இங்கிலாந்தை நம்பியிருந்ததேயொழிய, அந்நாட்டுப் பிரபுக்கள் எளிதில் அடங்குகிறவர்கள் அல்லர். மூன்றாம் ஹென்றி 1248இல் தம் சகோதரியின் கணவராகிய சீமோனை ஏழாண்டுக் காலத்திற்குத் தம் பிரதிநிதியாக அங்கே அனுப்பினார். சீமோன் இரும்புக் கரத்தால் ஆண்டார். 1249இல் போர்தோவில் கலகம் மூண்டபோது ஒரு கட்சியின் பக்கம் சாய்ந்து, மற்றக் கட்சியின் தலைவரைச் சிறையிலிட்டார். அவர் சிறையிலேயே மாண்டார்.

காஸ்கனியரின் முறையீடு கடலைக் கடந்தது. 1252இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அரசரின் முன்னிலையில் சீமோன் நிறுத்தப்பட்டார். குற்றஞ்சாட்டியவர்களில் போர்தோ பேராயரும் ஒருவர். அரசர் அவர்களுக்குச் செவிசாய்த்தார். ஆங்கிலப் பிரபுக்களோ சீமோனை ஆதரித்தனர். நாட்டை அடக்கத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டதாகவும் அரசர் அதை ஈடுசெய்யவில்லை என்றும் சீமோன் வாதித்தார். தண்டனை ஏதும் கிடைக்கவில்லை. ஆயினும் எஞ்சிய தவணைக்கு ஈடாகப் பணம் கொடுத்து அரசர் அவரைப் பதவியிலிருந்து விலக்கினார். 1254இல் காஸ்கனி இளவரசர் எட்வர்டுக்கு அளிக்கப்பட்டது.

இதே சீமோனுக்கு லிங்கன் பேராயர் இராபர்ட் குரோசெத்தெஸ்தும், பிரான்சிஸ்கன் துறவி ஆதாம் மார்ஷும் நெருங்கிய நண்பர்கள். அவ்வழக்கைப் பற்றி மார்ஷ் எழுதிய மடல் நண்பரின் பக்கம் நின்றே எழுதப்பட்டது. பிற்காலத்தில் 1265இல் நகரத்தாரையும் பாராளுமன்றத்திற்கு அழைத்தவர் என்று சீமோன் புகழப்படுகிறார். அவ்வாண்டே ஈவ்ஷாம் போர்க்களத்தில் மடிந்தபின் பொதுமக்கள் அவரைப் பரிசுத்தவானாகவும் போற்றினர். ஆனால் லெஸ்டரிலிருந்து யூதர்களைத் துரத்தியவரும் அவரே. சபையின் பெரியோர் நட்பை மட்டும் வைத்து ஓர் ஆளுகையை எடைபோடுவது தவறு என்றே நாம் கருதுகிறோம். போர்தோவின் சிறையில் மாண்டவருக்காக மார்ஷ் மடல் எழுதியிருந்தால் அது வேறுவிதமாயிருந்திருக்கும்.

இனி நம் நாட்டிற்குத் திரும்புவோம். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரி கம்பெனியின் கைக்கு வந்தது. மலைமேல் உள்ள ஓசூரோ 1799 வரை மைசூரோடு இருந்தது. ஆக, ஏழாண்டுக் காலம் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஓர் அரசின் எல்லை ஓடிற்று. இன்றைய எல்லை அதற்குச் சற்று வடமேற்கே நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

புதிய நாட்டை ஆளக் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் தெரிந்துகொண்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்னும் இராணுவ அதிகாரி. மதராஸ் சிவில் உத்தியோகஸ்தர்கள் நாட்டு மொழிகளை அறியாதிருந்ததே அதற்குக் காரணம். ஆளப்படுகிறவனின் பேச்சு விளங்காமல் அவனுக்கு நியாயம் செய்வது எப்படி? ரீட்டுக்கு உதவியாக வந்தவர்கள் மன்றோ, மக்ளியாட், கிரகாம் ஆகியோர். மன்றோ தருமபுரியில் வாழ்ந்து, வயல் வயலாக நிலத்தை அளந்து தீர்வை நிர்ணயிக்கும் வேலையில் பயின்றார். நீண்டகாலக் குத்தகையை முதலில் நாடிய ரீட், படிப்படியாக உழவனோடே நேரில் கணக்குத் தீர்க்கும் முறைக்கு வந்தார். ரயத்துவாரி இவ்வாறு இம்மலையடிவாரத்தில் உருப்பெற்றது.

ஆயினும் பிரதிநிதியின் அறிவு அவனை அனுப்பினவர்களின் விருப்பத்தை மாற்றவில்லை. மன்றோவும் ரீட்டும் நீங்கியபின், வங்காளத்து நிரந்தரத் தீர்வையின் சாயலில், நாடு மிட்டாக்களாகப் பிரித்து ஏலமிடப்பட்டது. மிட்டாதாரர் பலர் கடனில் அழிந்தனர். இடையில் உழவரும் நசுங்கினர். 1807இல் மன்றோ வேறொரு நாட்டுப்பகுதியில், தாம் விதித்த தீர்வையிலேயே நான்கில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டுமென்று பரிந்துரைத்தார். மேலிடம் அதை அப்போது ஏற்கவில்லை. 1820இல் அவர் மதராஸ் கவர்னரான பின்னரே ரயத்துவாரி மாகாணத்தின் பொது விதியாயிற்று.

காஸ்கனியரின் பேராயர் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போய் அரசரின் முகத்தைப் பார்த்துப் பேசினார். பாரமகாலின் உழவனுக்கு அப்படிப்பட்ட பயணம் எதுவும் இருக்கவில்லை. அவனுடைய முறையீடு, அவன்மேல் தீர்வை விதித்தவரின் பேனாவின் வழியாகவே லண்டன் சென்றது.