கிரிக்கெட்டில் பிறந்த ஊர் வானொலி

நம் நாட்டில் சமுதாய வானொலி பிறந்த கதையை ஹீரோ கோப்பை கிரிக்கெட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1993 நவம்பரில் நடந்த அந்தப் போட்டியை ஒளிபரப்பும் உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் முறுக்கிக்கொண்டது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டி, ஒளிபரப்பு எங்கள் அதிகாரம் என்றது அரசு. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

1995 பிப்ரவரி 9-ல் தீர்ப்பு. அமர்விலிருந்த மூவர் சாவந்த், ஜீவன் ரெட்டி, நம் தமிழ்நாட்டு எஸ். மோகன். அலைவரிசை பொதுச்சொத்து, அரசும் தனியாரும் அதை ஏகபோகமாக்கக் கூடாது, பொதுநலன் பார்க்கும் சுதந்திரமான அமைப்பு ஒன்று அதை நிர்வகிக்க வேண்டும் என்றார்கள். கேட்டது பந்தயம் காட்டும் உரிமை. கிடைத்தது ஊருக்கே வானம்!

ஆனால் அரசு முதலில் செய்தது ஏலம். நகரங்களின் பண்பலை உரிமங்கள் பணமுள்ளவர்களுக்குப் போயின. கிராமத்துக்கு உரிமம் கிடையாது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் பூதிக்கோட்டையில் 2001-ல் 'நம்ம த்வனி' ஆரம்பித்தவர்கள் அதற்கும் ஒரு வழி கண்டார்கள். கேபிள் டிவி வயரிலேயே ஒலியை வீடுகளுக்கு அனுப்பினார்கள். காற்றில் அலையே விடாத வானொலிக்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. 2004 பிப்ரவரி 1-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை பேசத் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006 நவம்பரில்தான் வழி பிறந்தது.

அதுவும் அளந்து கொடுத்த வழி. 100 வாட் திறன், 30 மீட்டர் கோபுரம், சுமார் 10 கிலோமீட்டர் வட்டம். உதாரணத்துக்கு, தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலை அடிவாரத்தில் அப்படியொரு கோபுரம் நட்டால் அரூர் வரைகூட எட்டாது. அது குறையே இல்லை என்பேன். அடிவாரத்துக் கிராமங்களுக்குப் போதும், அவர்களுக்காகத்தானே நிலையம்?

வாய்க்கட்டுதான் உறுத்துகிறது. சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். இந்தத் தடையை எதிர்த்து 'காமன் காஸ்' அமைப்பு 2013-ல் உச்ச நீதிமன்றம் போனது. குடிநீர், மின்தடை, வானிலை, தேர்வு முடிவு, திருவிழா அறிவிப்புகளுக்குத் தடையில்லை. ஆகவே தீர்த்தமலையில் நாளை ஒரு நிலையம் வந்தால், "இன்று மேல்தெருவுக்குத் தண்ணீர் வராது" என்று தாராளமாகச் சொல்லலாம். மோட்டார் பழுதாகி ஒரு மாதமாகியும் ஏன் சரிசெய்யவில்லை என்று ஊராட்சியைக் கேட்டு ஒலிபரப்பினால், அது செய்தியாகிவிடுமோ என்று உரிமத்தை நினைத்துப் பயப்பட வேண்டும். அதே ஊரில் நாலு பக்கப் பத்திரிகை நடத்துகிறவர், பதிவு எண் ஒன்று கையிலிருந்தால், இதையே கொட்டை எழுத்தில் முதல் பக்கத்தில் போடலாம்.