மாட்டுக்கு வந்த பணம்

1934 கோடையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துச் சிமரான் மாவட்டத்தில் புல் கருகிக் கிடந்தது. தீவனம் இல்லை, மாட்டுக்கு விலையும் இல்லை. வறட்சிப் பகுதிகளில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசே மாடு வாங்க இறங்கியது.

இரண்டு வயதைக் கடந்த மாட்டுக்கு 12 முதல் 20 டாலர், கன்றுக்கு 4 முதல் 8. அந்தத் தொகையை இரண்டாகப் பிரித்ததுதான் திட்டத்தின் உயிர்நாடி. ஒரு பங்கு கடன் கொடுத்தவர் கைக்குப் போகலாம். உதவித்தொகையான மறு பங்கு விவசாயிக்கே. அதை எந்த வங்கியும் தொட முடியாது. கடனில் மூழ்கியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனாலும் கொடுமையான நிவாரணம். தேறாது என்று ஆய்வாளர் ஒதுக்கிய மாடுகளைப் பண்ணையிலேயே சுட்டுக் குழியில் தள்ளினார்கள். தேறியவை டின் இறைச்சியாகி, வேலையிழந்தோர் வீடுகளுக்குப் போயின.

1935 தொடக்கத்தில் கொள்முதல் நின்றபோது, 80 லட்சத்துக்கும் அதிகமான மாடுகளை அரசு வாங்கியிருந்தது.