இரட்சிப்பு: கிருபையும் கீழ்ப்படியும் விசுவாசமும்

கிறிஸ்தவ இறையியலில் இரட்சிப்பு என்பது பாவத்திலிருந்தும் அதன் விளைவான மரணத்திலிருந்தும் மனிதரைக் கடவுள் விடுவிப்பது. கத்தோலிக்கர் இதை மீட்பு என்பர். அது உழைத்துப் பெறும் கூலியல்ல, கடவுள் தரும் கொடை என்பதில் பெரிய சபைகளுக்குள் தகராறு இல்லை. கொடையைப் பெற்றவரின் கீழ்ப்படிதலுக்கு என்ன இடம் என்பதில்தான் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை.

சண்டைக்கான விதை ஒரு கடிதத்திலேயே இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 57இல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு எழுதிய பவுல், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் எவரும் நீதிமானாவதில்லை, விசுவாசத்தால்தான் என்று வாதிட்டார். ஆனால் அதே கடிதத்தின் முதல் அதிகாரத்திலும் கடைசி அதிகாரத்திலும் ‘விசுவாசத்தின் கீழ்ப்படிதல்’ என்ற கிரேக்கத் தொடர் நிற்கிறது. விசுவாசத்துக்குக் கீழ்ப்படிவதா, விசுவாசத்திலிருந்து பிறக்கும் கீழ்ப்படிதலா, விசுவாசமே ஒரு கீழ்ப்படிதலா? அந்த ஆறாம் வேற்றுமை மூன்றுக்கும் இடம் தருகிறது.

யாக்கோபின் நிருபம் முடிச்சை இறுக்கியது. பவுலும் யாக்கோபும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆபிரகாமைத்தான். பவுல் காட்டுவது, பிள்ளையில்லாத கிழவர் வாக்குத்தத்தத்தை நம்பிய ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். யாக்கோபு காட்டுவது, அதே கிழவர் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய 22ஆம் அதிகாரம். புதிய ஏற்பாட்டில் ‘விசுவாசத்தினால் மாத்திரம்’ என்ற பொருளில் சொற்கள் சேர்ந்து வரும் ஒரே இடமும் யாக்கோபில்தான். அங்கே அது மறுக்கப்படுகிறது.

அடுத்த பெரிய மோதல் ஐந்தாம் நூற்றாண்டில். கடவுளே கட்டளையிட்டு, அதை நிறைவேற்றும் வலிமையையும் அவரே தரவேண்டும் என்று கேட்கும் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்தீனின் மன்றாட்டு ஒன்றை ரோமாபுரியில் கேட்ட பெலாஜியஸ் கொதித்துப்போனார். பிரித்தானியாவிலிருந்து வந்த கண்டிப்பான துறவி அவர். எல்லாம் கடவுள் கையில் என்றால் மனிதன் ஏன் முயல வேண்டும் என்பது அவர் கவலை. அற்பமான கவலை அல்ல. கிருபை தொடாத மனித சித்தம் நன்மையை விரும்பவே வலுவற்றது என்றார் அகஸ்தீன். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியஸின் போதனையைக் கண்டித்தது. 529இல் இன்றைய தென் பிரான்சின் ஓரான்ஜ் நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் முதல் துளிர்ப்பே கிருபையின் செயல் என்றது.

ஜெர்மன் துறவி லூத்தர் வந்தபோது வாதம் வீதிக்கு வந்தது. பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் விற்கப்பட்டதை எதிர்த்து 1517இல் 95 கருத்துரைகளை அவர் வெளியிட்டார். 1522இல் வந்த அவரது ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத ‘மாத்திரம்’ என்ற சொல் ஏறியது. தம் மொழியின் இயல்பு அதைக் கேட்கிறது என்று பின்னர் வாதாடினார். யாக்கோபை வைக்கோல் நிருபம் என்று சொல்லி நூலின் கடைசிப் பகுதிக்குத் தள்ளினார். என்றாலும், மெய்யான விசுவாசம் நற்கிரியை செய்யாமல் இருக்காது என்று ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில் அழுத்திச் சொன்னவரும் இதே லூத்தர்தான்.

கத்தோலிக்கரின் திரெந்து சங்கத்தின் 1547ஆம் ஆண்டு ஆணையைப் பலர் இதற்கு நேர் எதிராக நிறுத்துவர். அதன் முதல் விதியோ, கிருபையின்றித் தன் செயல்களால் மட்டும் எவரும் நீதிமானாக முடியும் என்பாரைச் சபிக்கிறது. வேறுபாடு அடுத்த படியில் வருகிறது. பெற்ற நீதி நற்செயல்களால் வளரும் என்றது திரெந்து. செயல்கள் கனி மட்டுமே, வேரல்ல என்றனர் சீர்திருத்தவாதிகள்.

லூத்தரின் அந்த முன்னுரை 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் வாசிக்கப்பட்டபோதுதான் ஜான் வெஸ்லியின் மனம் அனல்கொண்டது. ஆனால் அவர் தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கம் பரிசுத்த வாழ்வையே ஓயாமல் வலியுறுத்தியது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அலெக்சாண்டர் கேம்பலின் வழிவந்த சபைகள், மூழ்கு ஞானஸ்நானத்தை விசுவாசத்தின் கீழ்ப்படிதலாகவே கண்டன. 1937இல் ஹிட்லரின் ஜெர்மனியில் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், சீஷத்துவம் கேட்காத கிருபையை மலிவான கிருபை என்று சாடினார். லூத்தரன் சபைக்குள்ளிருந்தே எழுந்ததால் அந்தக் கண்டனம் ஆழமாகத் தைத்தது. 1945 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன: ஏற்கப்படுவது கிருபையால், நற்செயல்கள் அதன் விளைவு. மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்த சபைகள் 2017இலும் சேர்ந்துகொண்டன.

தமிழில் இந்த வரலாற்றின் தடம் சொற்களில் தெரிகிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் ஊழியர் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அடுத்த பத்தாண்டுக்குள் அச்சேறியது. புராட்டஸ்டன்ட் சபைகள் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் கிருபை, விசுவாசம், நீதிமான். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அருள், நம்பிக்கை, கடவுளுக்கு ஏற்புடையவர். கீழ்ப்படிதல் என்ற சொல் இரண்டுக்கும் பொது.